மாமா உள்ளே இருக்கிறார்

எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு வாக்கியம் மனப்பாடம். வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிடுகிறவருக்கும் சரி, போனில் கேட்கிறவருக்கும் சரி, அதே பதில்தான். "மாமா உள்ள இருக்காவ." உள்ளே என்றால் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. திருவட்டாறில் எங்கள் தெருவுக்கே தெரியும், காலையில் நான் கக்கூசுக்குள் போனால் வெயில் முற்றத்துக்கு வந்த பிறகுதான் வெளியே வருவேன் என்று. "செரி, பொறவு வாறேன்" என்று வந்தவர் போய்விடுவார். பால்காரர், தபால்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் என்று ஒருவர் விடாமல் எல்லோரும் என்னைப் 'பொறவு' பார்த்தவர்கள்தான்.

என் கோளாறு என்னவென்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். வரும், ஆனால் போகாது.

மலச்சிக்கல் என்றால் பலரும் நினைப்பது, நாட்கணக்கில் வயிறு அசையாமல் கிடப்பது என்று. என் வயிறு அப்படிப்பட்ட சோம்பேறி இல்லை. காலையில் காப்பி உள்ளே போனதும் ஒழுங்காகக் கூப்பிடும். ஓடிப்போய் உட்காருவேன். வாசல்வரை வந்து அங்கே நின்றுகொள்ளும். முக்குவேன். முக்க முக்க இறுகும். கண்ணில் தண்ணீர் வரும், நெற்றி நரம்பு புடைக்கும், காது அடைக்கும். கடைசியில் ஏதோ கொஞ்சம் மனமிரங்கிப் போகும். கழுவிவிட்டு எழுந்தால், மிச்சம் இருக்கிறதே என்று மறுபடி கூப்பிடும். மறுபடி உட்காருவேன். வேட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாகவே என் காலைகள் போயின.

இதில் வேடிக்கை என் தொழில். தக்கலையில் எனக்குக் கடை. குழாய், வாஷ்பேசின், க்ளோசெட் விற்கிறேன். வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பி வீடு கட்டுகிறவர்கள் எல்லாம் என் கடைக்கு வந்துதான் ஆகவேண்டும். குந்தி உட்கார்ந்துகொண்டிருந்த இந்த வட்டாரத்தை நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரவைத்ததில் என் பங்கு கணிசமானது. என் வீட்டில் வைத்திருப்பது அதிலும் உயர்ந்த ரகம், சுவரிலிருந்து தொங்குகிற மாடல். அதில் உட்கார்ந்தால் என் கால் தரையில் சரியாகப் பாவாது. இவ்வளவு நல்ல க்ளோசெட்டை வைத்துக்கொண்டு ஒருவனால் போக முடியவில்லை என்று கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரிந்தால் வியாபாரம் என்னவாகும் என்று ரொம்பக் காலம் பயந்திருக்கிறேன். எல்லோருக்கும் முன்பே தெரியும் என்பது எனக்குத்தான் தெரியாமல் இருந்தது.

நானும் என் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அத்தான் மஸ்கட்டில். எனக்கும் என் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அக்காவின் ஒரே மகள்தான் வீட்டுக்கே பிள்ளை. அவள் சின்னவளாக இருந்தபோது ஸ்கூட்டரில் பள்ளிக்கூடத்தில் கொண்டுவிடுவது என் பொறுப்பு. யூனிபார்ம் போட்டு, ரெட்டைப் பின்னல் போட்டு, பையை மாட்டிக்கொண்டு கக்கூசுக் கதவுக்கு வெளியே வந்து நிற்பாள்.

"மாமா, பெல்லு அடிச்சிருவாவ."

"இன்னா வாறேன் மக்ளே."

"அப்பமும் இன்னான்னுதானே சொன்னிய."

அவள் நிற்கிற நேரம் வீணாகவேண்டாம் என்று உள்ளேயிருந்தே பாடம் கேட்க ஆரம்பித்தேன். அவள் வெளியே வாய்ப்பாடு சொல்லுவாள், நான் உள்ளே திருத்துவேன். ஏழாம் வாய்ப்பாட்டில் பாதி தாண்டியதும் அவளுக்கு ஒரு இடத்தில் எப்போதும் தட்டும். "அவசரப்படாதே, பைய யோசி" என்பேன். "நீங்களும்தான் மாமா" என்பாள். அக்காவும் என் மனைவியும் அடுக்களையில் சிரிப்பது கேட்கும். இப்படியே வாய்ப்பாடு முடிந்து, செய்யுள் முடிந்து, இங்கிலீஷ் ஸ்பெல்லிங் முடிந்து, அல்ஜீப்ரா வந்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. அதற்குப் பிறகு அவள் ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்தாள். எந்த டீச்சர் யாரை என்ன சொன்னாள், எந்தத் தோழி எதற்குப் பேசுவதில்லை, எல்லாம் எனக்கு அத்துப்படி. நேரே பார்த்தால் எங்கள் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. கதவு நடுவில் இருந்தால் போதும், பேசித் தீராது.

அவள் படித்து முடித்துத் திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். வாரக்கடைசியில் வருவாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வழக்கம்போல நான் உள்ளே இருக்கும்போது கதவுக்குப் பக்கத்தில் அவள் குரல் கேட்டது.

"மாமா, ஒரு காரியம் சொல்லணும். வெளிய வந்து கேப்பியளா, உள்ள இருந்தே கேப்பியளா?"

"உள்ள இருந்தே கேக்கேன். சொல்லு."

"ஒருத்தரப் பிடிச்சிருக்கு."

முக்கிக்கொண்டிருந்தவன் நிறுத்தினேன். "யாரு? எந்த ஊரு?"

"கன்னியாகுமரி. கூட வேலை பாக்காரு. நல்ல மனுசன் மாமா."

"அம்மைக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா உங்க கிட்ட வந்து எதுக்குச் சொல்லுகேன்?"

அன்றைக்கு வழக்கத்தைவிடவும் நேரம் ஆயிற்று. வயிறு காரணமில்லை. அக்காவிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசிக்க வீட்டில் வேறு தனி இடம் ஏது. ஒரு வாரம் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் சொன்னேன். அவள் முதலில் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு பையனின் போட்டோவைக் கேட்டாள். போட்டோவைப் பார்த்ததும், "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கான்" என்றாள். அத்தான் மஸ்கட்டிலிருந்து சரி என்றார். நிச்சயத்துக்கு நாள் குறித்தோம்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருகிற வெற்றிலைபாக்குத் தட்டைப் பெண்ணின் தாய்மாமன் கைநீட்டி வாங்கவேண்டும். கல்யாணத்தன்று பெண்ணைக் கைபிடித்து மணமேடைக்கு அழைத்துவருகிறவனும் அவன்தான். பெற்ற தகப்பன் பக்கத்தில் நின்றாலும் அந்த இடத்தில் தாய்மாமன் கைதான். எனக்கு இருப்பது ஒரே மருமகள். அதனால் என் வாழ்நாளில் எனக்குக் கிடைக்கப்போகிற ஒரே தாய்மாமன் வேலை இதுதான்.

நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் கார்களில் வந்து இறங்கினார்கள். கூடத்தில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். தட்டு வைத்தாயிற்று. நல்ல நேரம் தொடங்கியாயிற்று. நான் எங்கே இருந்தேன் என்று சொல்லவேண்டியதில்லை. பதற்றமாக இருந்தால் எனக்கு இன்னும் இறுகும். அன்றைக்கு என் உடம்பில் இறுகாத இடம் இல்லை. உள்ளேயிருந்தே எல்லாம் கேட்டது. பேச்சு குறைந்து, இருமல் கூடி, கடைசியில் மாப்பிள்ளையின் பெரியப்பா குரல்.

"நல்ல நேரம் போவுதே. தாய்மாமன் எங்க?"

என் மனைவிக்கு வாய் பழகிப்போயிருந்தது. "உள்ள இருக்காவ" என்றாள்.

கூடத்தில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. அரைகுறையாக எழுந்து, வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்ட, நான் வந்து தட்டை வாங்கும்போது நல்ல நேரம் அதன் வால்நுனியில் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பெருந்தன்மையானவர்கள், யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னாள். எல்லோரும் போன பிறகு, பாத்திரங்களுக்கு நடுவில் நின்று சொன்னாள்.

"ஏலே, கல்யாணத்துக்கு முகூர்த்தம் விடிஞ்ச உடனே. அன்னைக்கும் நீ உள்ள இருந்தா நான் காத்து நிக்கமாட்டேன். நம்ம பெரியப்பா மகனைக் கூப்பிட்டு பிள்ளை கையைப் பிடிக்கச் சொல்லுவேன். அவனும் அவளுக்கு மாமன்தான்."

பெரியப்பா மகன் என்னைவிட இளையவன். நல்லவன்தான். ஆனால் காலையில் எழுந்து பல் தேய்க்கிறதற்குள் எல்லாக் காரியத்தையும் முடித்துவிடுகிற பாக்கியசாலி. அதை ஒரு சாதனை மாதிரி நாலு பேர் நடுவில் சொல்லவும் செய்வான். அவன் அப்போது அடுக்களை வாசலில் நின்று பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். "அக்கா சொன்னா நான் ரெடி" என்றான். அவன் மேல் எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாகப் போகவில்லை.

நிச்சயத்துக்குப் பிறகு என் கோளாறு இரண்டு குடும்பத்துக்கும் பொதுச்சொத்து ஆயிற்று. எங்கள் மாவட்டத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வாழைப்பழத்தோடு வந்து பார்ப்பார்கள். என் நோய்க்கு வாழைப்பழமே மருந்து என்று எல்லோரும் நம்பியதால், வந்தவர்கள் யாரும் ஒரு சீப்போடு நிற்கவில்லை. எங்களுக்குப் பழத்துக்குப் பஞ்சம் இல்லை. பழத்தைப் பற்றிய அபிப்பிராயத்துக்கு அதைவிடப் பஞ்சம் இல்லை. பாளையங்கோட்டான்தான் இளக்கும் என்று பக்கத்து வீட்டு சார் இரண்டு சீப்பு கொண்டுவந்தார். அது சளி பிடிக்கும், மட்டிப்பழம்தான் கைக்குழந்தைக்கே கொடுப்பது என்று எதிர்வீட்டு அக்கா மூன்று சீப்பு கொண்டுவந்தாள். செந்துளுவன் கட்சி ஒன்று, பேயன் கட்சி ஒன்று. கட்சிக்காரர்கள் ஒரே நேரத்தில் வந்துவிட்டால் என்னை மறந்துவிட்டு அவர்களுக்குள் வாக்குவாதம் நடக்கும்.

"ஓய், பேயனைத் தின்னா அவன் பேயாட்டு ஓடுவான், பாரும்."

"நீரு சும்மா இரும்வே. செந்துளுவனை ராத்திரி வெந்நியோட குடுத்துப் பாரும்."

மாப்பிள்ளையின் பெரியப்பா கன்னியாகுமரியிலிருந்து ஒரு முழு ஏத்தன் குலையை, அதாவது நேந்திரங்குலையை, காரில் கொடுத்தனுப்பினார். பாதி காய், பாதி பழம். அதைப் புட்டோடு பிசைந்து தின்று, நெய்யில் வாட்டித் தின்று, பயறோடு அவித்துத் தின்றேன். சம்பந்தி வீட்டுக் குலையைத் திருப்பி அனுப்ப முடியுமா. என் மனைவி எல்லாக் குலைகளையும் கயிற்றில் கட்டி உத்திரத்தில் தொங்கவிட்டாள். வீட்டுக்குள் குனிந்து நடக்கவேண்டியதாயிற்று. இது போதாதென்று இசப்கோல், விளக்கெண்ணெய், கடுக்காய்ப்பொடி, யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஒரு கஷாயம்.

பலன் நேர்மாறாக இருந்தது. பழம் எல்லாம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. வயிறு மேலும் மேலும் சரக்கை வாசலுக்கு அனுப்பியது. வாசல் திறக்கவில்லை. வயிறு மத்தளமாக உப்பி, கடையில் உட்கார முடியாமல் நின்றுகொண்டே வியாபாரம் செய்தேன். எவ்வளவு பழம் தின்கிறேனோ அவ்வளவு நேரம் உள்ளே இருந்தேன். கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குக் குலை நடுங்க ஆரம்பித்தது. கனவில் பெரியப்பா மகன் பட்டுவேட்டியில் வந்தான்.

ஒரு வாரக்கடைசியில் கதவுக்கு வெளியே மருமகள்.

"மாமா, அடுத்த சனிக்கிழமை திருவனந்தபுரத்துக்கு வாங்க. டாக்டர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன்."

"என்னத்துக்கு? பழம் தின்னுட்டுத்தானே இருக்கேன்."

"பழத்தை எல்லாம் நிறுத்துங்க. நான் வாசிச்சுப் பாத்தேன். உங்களுக்குக் கோளாறு வயித்துல இல்ல."

"நீயும் கூட வருவியா?" எனக்கு வெட்கமாக இருந்தது.

"வெளியதான் நிப்பேன். எனக்குப் பழக்கம்தானே."

டாக்டர் என்ன கேட்டார், என்ன சோதித்தார் என்று விரிவாக எழுத எனக்கும் ஆசையில்லை, வாசிக்கிறவர்களுக்கும் வேண்டாம். அவர் என்னை அதே ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிற ஒரு மலையாளத்துப் பெண்ணிடம் அனுப்பினார். என் மருமகள் வயதுதான் இருக்கும். கை முறிந்தால் பிசியோதெரபி உண்டு, கால் முறிந்தால் உண்டு, இதற்கும் உண்டு என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். உள்ளே வைக்கவேண்டியதை வைத்து, வயரை ஒரு கம்ப்யூட்டரோடு இணைத்து, திரையை என் பக்கம் திருப்பினாள். திரையில் ஒரு பச்சைக்கோடு அமைதியாக ஓடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், வீட்டில செய்யுந்ந போல முக்கிக்கோ."

முக்கினேன். இத்தனை வருஷ அனுபவத்தையும் காட்டினேன். கோடு மலைபோல மேலே ஏறியது. நன்றாகச் செய்துவிட்டேன் என்று நினைத்தேன்.

அவள் தலையில் கைவைத்தாள். "ஐயோ அங்கிள், இது கீழ வரணும். அங்கிளுக்கு மேல போகுந்நு. கதவ அடச்சிட்டு தள்ளுந்நா எங்ஙனெ துறக்கும்?"

பிறகு டாக்டர் நிதானமாக விளக்கினார். போகிற நேரத்தில் தளரவேண்டிய தசை எனக்கு இறுகுகிறது. நான் முக்குவது அத்தனையும் அந்தத் தசையை இன்னும் கெட்டியாகப் பூட்டுகிறது. இது பழத்தால் தீராது, பழக்கத்தை மாற்றவேண்டும். கேட்டதும் எனக்கு வந்தது கோபம். வால்வைத் திருப்பி மாட்டிவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று மோட்டாரை மாற்றுகிறவர்களைக் கடையில் வைத்து எத்தனை முறை திட்டியிருக்கிறேன். என் வீட்டு வால்வை மட்டும் ஒருநாளும் பார்க்கவில்லை.

அந்தப் பெண் கற்றுக்கொடுத்தது கேட்க எளிது. காலை உயர்த்தி வைத்து முன்னால் சாய வேண்டும். முக்கக்கூடாது. வயிறு நிறைய மூச்சு இழுத்து, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி வாயால் மெல்ல விடவேண்டும். விடும்போது கீழே எல்லாவற்றையும் தளர்த்தவேண்டும். இதுவரை எனக்குச் சம்மதம்தான். கடைசியாக ஒன்று சொன்னாள். கொஞ்ச நேரத்தில் வரவில்லை என்றால் எழுந்து போய்விடவேண்டும். மிச்சம் இருக்கிறது என்று தோன்றினாலும் எழுந்துவிடவேண்டும். அந்தத் தோன்றுதலை நம்பக்கூடாது.

"பாதியில எழும்பிப் போகவா?" என்று கேட்டேன்.

"பாதியில எழும்பிப் போகணும் அங்கிள்."

என்னால் கடையில் ஒரு பில்லைக்கூடப் பாதியில் விடமுடியாது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அடுக்களையிலிருந்து கொரண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கொரண்டி என்பது தரையில் போட்டு உட்காருகிற குட்டைப் பலகை. அதில் உட்கார்ந்துதான் என் மனைவி தேங்காய் திருவுவாள்.

"அத எங்க கொண்டு போறிய? அதுல இருந்துதானே நான் தேங்கா திருவுகேன்."

"கால் வைக்க."

"இனி அது எனக்கு வேண்டாம்" என்றாள். கொரண்டி எனக்கே சொந்தமாயிற்று. ஊரை எல்லாம் உயரத்தில் உட்காரவைத்தவன், என் விலையுயர்ந்த க்ளோசெட்டுக்கு முன்னால் பலகையைப் போட்டு, காலைத் தூக்கி வைத்து, பழையபடி குந்தி உட்கார்ந்தேன்.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். பல சனிக்கிழமைகள் திருவனந்தபுரத்துக்குப் போய்த் திரையைப் பார்த்துப் பழகினேன். கோடு மெல்ல மெல்லக் கீழே இறங்கக் கற்றுக்கொண்டது. வெளியே பெஞ்சில் மருமகள் போன் பார்த்துக்கொண்டு காத்திருப்பாள். வீட்டில் சில நாள் சட்டென்று ஆகிவிடும், அன்றைக்குக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுப்பேன். சில நாள் பழைய குருடி கதவைத் திறக்கமாட்டாள். எழுந்துவிடு என்று புத்தி சொல்லும், இன்னும் ஒரே ஒருதரம் என்று உடம்பு கெஞ்சும். பெரும்பாலும் உடம்பு ஜெயித்தது.

கல்யாணம் நாகர்கோவிலில் ஒரு மண்டபத்தில். அத்தானும் மஸ்கட்டிலிருந்து வந்துவிட்டார். முந்தினநாள் சாயங்காலம் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் கூடி உட்கார்ந்து விருந்துக்குக் காய் வெட்டுவது எங்கள் வழக்கம். அவியலுக்குச் சேனையும் தடியங்காயும் முருங்கைக்காயும் மலையாகக் குவிந்திருந்தன. என் பக்கத்தில் பெரியப்பா மகன் உட்கார்ந்து வெள்ளரிக்காயைச் சீவிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, நாளைக்கு ஒண்ணும் பயப்படாண்டாம். நான் வெள்ளன குளிச்சி ரெடியா நிப்பேன்."

"நீ வெள்ளரிக்காயப் பாத்து வெட்டு" என்றேன். உண்மையில் பயமாக இருந்தது. அவள் கையை வேறொருவன் பிடித்துக்கொண்டு போவதை ஒரு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து நாதஸ்வரத்தில் கேட்கப்போகிறேனோ என்று.

காலையில் முதல் ஆளாக எழுந்து குளித்து, மண்டபத்து அறையில் உள்ளே போனேன். அந்த மண்டபத்து க்ளோசெட்டுகள் எல்லாம் என் கடையில் வாங்கியவை. ஞாபகமாக வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கொரண்டியைக் காணோம். விசாரித்தால், சமையல்காரர்கள் தேங்காய் திருவ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். திரும்பக் கேட்க மனசு வரவில்லை. பிரதமன் பாயசத்துக்குத் தேங்காய்ப்பால் பிழியத் தேங்காய் வேண்டும். வாளியைக் கவிழ்த்துக் காலை வைத்தேன். மூச்சு இழுத்தேன், விட்டேன். வாசல்வரை வந்தது. நின்றது. மறுபடி இழுத்தேன், விட்டேன். வெளியே நாதஸ்வரக்காரர்கள் சுருதி பார்க்கும் சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்து முக்க ஆரம்பித்தேன். கோடு மலையேறுவது எனக்குக் கண்ணுக்குள் தெரிந்தது. நிறுத்தமுடியவில்லை. மாப்பிள்ளை மேடைக்கு வந்துவிட்டார் என்று மைக்கில் யாரோ சொன்னார்கள்.

கதவு தட்டப்பட்டது. அக்கா என்று நினைத்தேன்.

"மாமா."

மருமகளின் குரல். கூடவே வளையல் சத்தமும் பட்டுச்சேலையின் சரசரப்பும்.

"நீ எதுக்கு மக்ளே இங்க வந்த? பொண்ணு இங்கெல்லாம் வந்து நிக்கலாமா?"

"எத்தனை வருசம் நின்னிருக்கேன். இன்னைக்கு ஒரு நாளு நின்னா என்ன?"

"ஒரு ரெண்டு நிமிசம். மிச்சம் இருக்கு."

"மிச்சம் இருக்கட்டும் மாமா. பாதியில எழும்பி வாங்க."

நான் மறுபடி முக்கினேன்.

"நீங்க வராம நான் போகமாட்டேன். முகூர்த்தம் போனாலும் செரி. இங்கயே நின்னு ஏழாம் வாய்ப்பாடு சொல்லுகேன்" என்றாள். சொல்லவும் ஆரம்பித்தாள். பட்டுச்சேலை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, கக்கூசுக் கதவுக்கு வெளியே நின்று ஓர் ஏழு ஏழு என்று கல்யாணப்பெண் வாய்ப்பாடு சொல்லுகிற மண்டபம் உலகத்தில் அது ஒன்றாகத்தான் இருக்கும். அவளுக்கு எப்போதும் தட்டுகிற இடம் வந்தது. தட்டாமல் சொல்லிவிட்டாள்.

எழுந்தேன். மிச்சம் அப்படியே இருந்தது. கழுவிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டி, கதவைத் திறந்தேன். அவளை அந்தக் கோலத்தில் அப்போதுதான் முதலில் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் அக்கா நின்றாள், அக்காவுக்குப் பின்னால் பட்டுவேட்டியில் பெரியப்பா மகன். நான் அவள் கையைப் பிடித்தேன்.

அந்த மண்டபத்தின் நீளம் என் வயிற்றுக்குத்தான் தெரியும். ஒவ்வொரு அடிக்கும் அது கூப்பிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அதற்குப் பதில் சொல்லாமல் நடந்தேன். மேடை ஏறி, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் மணையில் அவளை உட்காரவைத்தேன். ஐயர் மந்திரத்தைத் தொடங்கினார். எல்லோரும் என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

அவள் தலையைக் குனிந்தபடி மெல்லச் சொன்னாள். "மாமா, கைய விடுங்க."

பார்த்தேன். அவள் விரல்கள் என் பிடிக்குள் வெளுத்துப்போயிருந்தன. விடத்தான் நினைத்தேன். விடவேண்டும் என்று நினைக்க நினைக்க என் கை இன்னும் இறுகியது. மாப்பிள்ளை ஒருமாதிரி சிரித்தார். கீழே அக்கா வாயில் சேலைத்தலைப்பை வைத்திருந்தாள். நான் வயிறு நிறைய மூச்சை இழுத்து, சூடான காப்பியை ஊதுகிற மாதிரி வாயால் மெல்ல விட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. அவள் கை வெளியே போயிற்று.

விருந்தில் இலையில் பிரதமனை ஊற்றி, மட்டிப்பழத்தையும் பப்படத்தையும் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். மிச்சம் இருக்கிறது என்ற எண்ணம் எப்போது போனது என்று தெரியவில்லை. சாயங்காலம் அவர்கள் காரில் ஏறி கன்னியாகுமரிக்குப் போனார்கள். அவள் கை ஆட்டியது கண்ணாடி வழியே தெரிந்தது.

மறுநாள் காலை வீட்டில் காப்பி குடித்தேன், உள்ளே போனேன், சமையல்காரர்களிடமிருந்து திரும்பி வந்த கொரண்டியில் காலை வைத்தேன். முக்கவில்லை. காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லமுடியாது, அவ்வளவு சீக்கிரம் எல்லாம் சுத்தமாக ஆயிற்று. இப்படி ஒரு காலை எனக்கு வாய்த்து எத்தனையோ வருஷம் ஆயிருக்கும். இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று துள்ளிக்கொண்டு கதவைத் திறந்தேன். வெளியே யாரும் நிற்கவில்லை. தரை துடைத்த ஈரம் மட்டும் இருந்தது. திடீரென்று எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் அங்கேயே நின்று அழுதேன்.

அப்போது அடுக்களையில் போன் அடித்தது. வீடியோ கால். என் மனைவி எடுத்தாள்.

"மாமி, மாமா எங்க?"

மனைவி திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை.

"மாமா உள்ள இருக்காவ மக்ளே."

"அப்பம் போனைக் கதவுகிட்ட கொண்டு போங்க. நான் பேசிக்கிடுகேன்."

நான் அவசரமாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். மனைவி வந்து போனைக் கதவோடு சேர்த்துப் பிடித்தாள் போலிருக்கிறது, குரல் பக்கத்தில் கேட்டது.

"மாமா, இன்னைக்கு ஆச்சா?"

"ஆச்சு மக்ளே."

"பொறவு எதுக்கு உள்ள இருக்கிய?"

நான் கதவில் சாய்ந்து நின்றேன். "நீ சொல்லு. அங்க எல்லாரும் எப்படி இருக்காவ?" என்று கேட்டேன். அவள் சொல்ல ஆரம்பித்தாள்.